அசிலோமாரும் கேம்பிறிட்ஜும்: பரம்பரையலகுப் பொறியியலுக்கு வேலியிட்ட வரலாறு

அணுவின் கருவைப் பிளக்கலாமென்பதை 1938ஆம் ஆண்டின் இறுதியில் அறிந்த மனிதன், ஏழாண்டு நிரம்புமுன்னரே அவ்வறிவைக் கொண்டு இரு நகரங்களைச் சாம்பராக்கினான். புதிதாய்ப் பெற்ற வல்லமையை உடனே கையாண்டு பார்த்தலும், அதனால் விளையுங் கேட்டைக் கண்டபின்னரே கட்டுப்பாடு தேடுதலும் விஞ்ஞான வரலாற்றிற் பெருவழக்கு. இவ்வழக்கிற்கு மாறாக, கேடு யாதும் நிகழுமுன்னரே, ஒரு துறையின் தலைசிறந்த ஆராய்ச்சியாளர் தம் ஆராய்ச்சியின் ஒரு பகுதியைத் தாமே நிறுத்திவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த அந்நிகழ்ச்சியும், அதன் பின்னெழுந்த வாதப் பிரதிவாதங்களுமே இக்கட்டுரையின் பொருளாவன. பரம்பரையலகுப் பொறியியலின் நன்மை தீமைகளைப் பற்றி இக்காலத்துப் பலரும் பலவாறு பேசுகின்றனர். ஆயின், அதற்கு வேலியிட்டவர் யாவர், எதற்காக இட்டனர், எவற்றை வேலிக்குப் புறம்பே விட்டனர் என்பவற்றை அறியாது பேசும் பேச்சு பெரும்பாலும் அச்சமாகவோ ஆரவாரமாகவோ முடிகின்றது.

உயிரினங்களைத் தன் விருப்பிற்கேற்ப மாற்றுதல் மனிதனுக்குப் புதியதன்று. நல்ல நெல்லைத் தெரிந்து விதைத்த உழவனும், பால் மிகுந்த பசுவின் கன்றைப் போற்றி வளர்த்த ஆயனும் இத்தொழிலையே செய்தனர். ஆயினும், அவர்கள் இனத்தோடு இனத்தைக் கலந்தனரேயன்றித் தவளையின் இயல்பைப் பற்றீரியாவிற் புகுத்தவில்லை, புகுத்தவும் இயலாது. அவ்வெல்லையை இயற்கையே வகுத்திருந்தது. உயிரின் பரம்பரை இயல்புகள் யாவும் டி. என். ஏ. என்னும் நீண்ட மூலக்கூற்றில் எழுதப்பட்டுள்ளன என்பதும், அம்மூலக்கூறு இரு புரியாய் முறுக்குண்ட ஏணி போன்றது என்பதும் 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிறிக் என்னும் இருவரால் வெளியிடப்பட்டன. எழுத்து இன்னதென அறிந்தபின் அதனை வெட்டவும் ஒட்டவும் கருவி வேண்டியிருந்தது. அக்கருவியைப் பற்றீரியாக்களே வைத்திருந்தன. தம்மைத் தாக்கவரும் வைரசின் டி. என். ஏ.யைக் குறித்த இடத்திலே துண்டிக்கும் நொதியங்கள் அவற்றிடம் உள்ளன. இந்நொதியங்களுட் சில வெட்டிய முனைகள், தம்மையொத்த முனைகளுடன் தாமே பொருந்தும் இயல்பின. எனவே, எவ்வுயிரிலிருந்து எடுத்த துண்டும் வேறெவ்வுயிரின் துண்டோடும் இணைதற்குத் தடையில்லை.

இவ்வாய்ப்பின் முதற் பயனும் முதல் அச்சமும் ஒருவரிடத்திலேயே தோன்றின. ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் பேர்க், குரங்குகளிற் காணப்படும் எஸ். வி. 40 என்னும் வைரசின் டி. என். ஏ.யை வேறொரு டி. என். ஏ.யோடு இணைத்து, அதனை எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியாவினுட் செலுத்தக் கருதியிருந்தார். இவ்வைரசு ஒருவகைச் சிற்றெலிகளிற் கழலைகளை உண்டாக்குவது; அப்பற்றீரியாவோ மனிதர் ஒவ்வொருவரின் குடலிலும் வாழ்வது. இத்திட்டத்தை அவருடைய மாணவி ஒருவர் 1971ஆம் ஆண்டிற் கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆய்வுகூடத்தில் எடுத்துரைத்தபோது, கேட்டிருந்த றொபேட் பொலக் என்னும் ஆராய்ச்சியாளர் திடுக்குற்றார். புற்றுநோய்க்கு வித்தாகக் கூடியதொன்றை மனிதக் குடலில் வாழும் உயிரினுள் வைத்தல் தகுமோவெனத் தொலைபேசியிற் பேர்க்கையே நேரே வினவினார். பேர்க் முதலிற் சினந்தார் என்பர். பின்னர்ப் பலரோடு கலந்து, தீங்கு நேராதெனத் தம்மால் உறுதி கூற இயலாமையை உணர்ந்து, இரு டி. என். ஏ.க்களையும் இணைத்ததோடு அமைந்து, பற்றீரியாவினுட் செலுத்தும் பகுதியைக் கைவிட்டார். இத்துறையிலெழுந்த கட்டுப்பாடுகள் யாவற்றிற்கும் தொடக்கம் சட்டமன்று. சக ஆராய்ச்சியாளர் ஒருவர் கேட்ட அவ்வொரு வினாவேயாகும்.

பேர்க் நிறுத்திய இடத்திலிருந்து வேறிருவர் தொடர்ந்தனர். ஸ்ரான்லி கோகனும் ஹேபேட் பொயரும் 1972ஆம் ஆண்டு நவம்பரில் ஹவாயி மாநிலத் தலைநகரான ஹொனலூலுவிலே சந்தித்து, இரவு உணவின்போது தம் திட்டத்தை வகுத்தனர். ஒருவரிடம் பற்றீரியாவினுட் புகுந்து பெருகும் பிளாசுமிட் என்னும் சிறு வளையம் இருந்தது. மற்றவரிடம் அதனை வெட்டும் நொதியம் இருந்தது. 1973ஆம் ஆண்டில் அவர்தம் முயற்சி வெற்றிபெற்றது. அடுத்த ஆண்டில் ஆபிரிக்கத் தவளையொன்றின் பரம்பரையலகுகள் பற்றீரியாவினுள்ளே தலைமுறை தலைமுறையாகப் பெருகின. பேர்க்கின் முறை அரிய நொதியங்கள் பலவும் நுண்ணிய பயிற்சியும் வேண்டுவது. இம்முறையோ எளியது, நல்ல மாணவனொருவன் சில கிழமைகளிற் கற்றுக்கொள்ளத்தக்கது. அதனாலேயே அச்சமும் பெரிதாயிற்று. 1973ஆம் ஆண்டு கோடையில் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் நடைபெற்ற கூட்டமொன்றிற் பொயர் இதனை அறிவித்தபோது, கூட்டத்தார் அபாயத்தைப் பற்றி வினாவத் தலைப்பட்டனர். தலைமை வகித்த மக்சீன் சிங்கரும் டீற்றர் சோலும் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினர். அக்கடிதத்தை வெளிப்படையாக அச்சிடவுஞ் செய்தனர்.

அதன் பயனாக அமைந்த குழுவிற்குப் பேர்க்கே தலைவரானார். 1974ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையில் வாட்சன், கோகன், பொயர் முதலிய பதினொருவர் ஒப்பமிட்டிருந்தனர். இருவகைப் பரிசோதனைகளை உலகெங்கணுமுள்ள விஞ்ஞானிகள் தாமாகவே ஒத்திவைக்க வேண்டுமென அவர் வேண்டினர். நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் வன்மையையோ நச்சுப்பொருள் ஆக்கும் இயல்பையோ அவை முன்னில்லாத பற்றீரியாக்களுக்குக் கொடுத்தல் ஒன்று. விலங்கு வைரசுகளின் டி. என். ஏ.யைப் பெருகும் வளையங்களோடு இணைத்தல் மற்றொன்று. இவ்வேண்டுகோளைச் செயற்படுத்தப் பொலிசாரோ நீதிமன்றமோ இருக்கவில்லை. எனினும் அது மதிக்கப்பட்டது. ஒப்பமிட்டவருட் பலர் இம்முறையால் முதலிற் புகழடையும் நிலையில் இருந்தவரென்பதை நோக்கின், அவர்தம் செயலின் பெருமை விளங்கும்.

1975ஆம் ஆண்டு பெப்புருவரி 24ஆம் நாள் முதல் நான்கு நாட்கள், கலிபோணியாவின் பசிபிக் கரையிலுள்ள அசிலோமார் என்னுமிடத்தில், பல நாடுகளிலிருந்தும் வந்த ஏறக்குறைய 150 பேர் கூடினர். தேவாலயமாகக் கட்டப்பட்டதொரு மண்டபத்திற் கூட்டம் நிகழ்ந்தது. பத்திரிகையாளரும் சில சட்டவறிஞரும் அழைக்கப்பட்டிருந்தனர். முதல் நாட்களிற் பெருங் குழப்பம். ஒவ்வொருவரும் பிறர் செய்யும் பரிசோதனை அபாயமானதென்றும் தாம் செய்வது தீங்கற்றதென்றும் கருதினரெனின் அது மிகையாகாது. நோபெல் பரிசு பெற்ற ஜோசுவா லெடபேர்க், எழுத்தில் வைக்கும் விதி பின்னர் இறுகிச் சட்டமாகிவிடுமென அஞ்சினார். வாட்சன், முன்னைய அறிக்கையில் தாம் ஒப்பமிட்டதையே பிழையெனக் கருதும் நிலைக்கு வந்துவிட்டார்.

குழப்பத்தைத் தெளிவித்தன இரண்டு. ஒன்று, இங்கிலாந்திலிருந்து வந்த சிட்னி பிறெனர் எடுத்துரைத்த கருத்து. சுவரும் கதவும் மட்டும் காவலாகா. ஆய்வுகூடத்திற்கு வெளியே உயிர்வாழ இயலாதவாறு பற்றீரியாவையே நலிவுபடுத்தி வைத்தால், அது தப்பியோடினும் மடியுமென்றார் அவர். அபாயம் எவ்வளவோ அவ்வளவிற்குக் காவலும் அமைதல்வேண்டும் என்னும் நெறி இதிலிருந்து உருவாயிற்று. மற்றொன்று, மூன்றாம் நாள் மாலையிற் சட்டவறிஞர் ஆற்றிய உரைகள். ஆய்வுகூடத்திலிருந்து நோய் பரவுமாயின் நட்டஈடு கோரும் வழக்கு விஞ்ஞானியையும் அவர்தம் பல்கலைக்கழகத்தையும் சாருமென அவர்கள் எளிய மொழியில் விளக்கினர். அன்றிரவு மண்டபத்தில் நிலவிய மனநிலை மாறியதென அங்கிருந்தோர் பலர் எழுதியுள்ளனர். மனிதகுலத்தின் நலன் பற்றிய மூன்று நாட் பேச்சுச் செய்யாததை நட்டஈடு பற்றிய ஒரு மாலைப் பேச்சுச் செய்ததோவென நாம் ஐயுறலாம். எவ்வாறாயினும், அமைப்புக்குழுவினர் அவ்விரவெல்லாம் விழித்திருந்து வரைந்த அறிக்கையை மறுநாட் காலையிற் கூட்டம் ஏற்றுக்கொண்டது. எதிர்த்தோர் ஒரு சிலரே. ஒத்திவைக்கப்பட்ட ஆராய்ச்சி, தரப்படுத்தப்பட்ட காவல்களோடு தொடரலாமென்பது முடிவு.

அசிலோமாரைப் போற்றுவோர் பலர். யாமும் போற்றுகின்றோம், ஆயினும் அதன் குறையைக் கூறாது விடுதல் வரலாற்றிற்கு முறையன்று. ஆய்வுகூடத்தின் அபாயத்தையன்றி வேறெதனையும் அங்கே ஆராய்வதில்லையென அமைப்பாளர் முன்னரே வரையறுத்துவிட்டனர். மனிதனின் பரம்பரையை மாற்றுதல் தகுமோ என்பதும், உயிரியற் போர்க்கருவி பற்றிய வினாவும் விலக்கப்பட்டன. எல்லாவற்றையும் ஒருங்கே பேசப் புகின் எதனையும் முடிக்கவியலாதென்பது அவர் கூறிய காரணம். அது பொய்யன்று. ஆனால் விலக்கப்பட்டது மறைந்துபோகவில்லை. சோவியத் நாட்டு அறிஞரும் அம்மகாநாட்டிற்கு வந்திருந்தனர். அதே காலத்தில் அவர்தம் அரசாங்கம், மருந்துகளுக்கு மடியாத நோய்க்கிருமிகளை உருவாக்கும் இரகசிய வேலைத்திட்டமொன்றை நிறுவிக்கொண்டிருந்தது. உயிரியற் போர்க்கருவிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அசிலோமார் முடிந்து ஒரு மாதத்தில், அமுலுக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடே அத்திட்டத்தை நடத்தி வந்ததை 1992ஆம் ஆண்டில் றஷ்யத் தலைவர் யெல்ற்சின் ஒப்புக்கொண்டார். பதினொருவர் ஒத்திவைக்க வேண்டிய முதல்வகைப் பரிசோதனையை ஓர் அரசாங்கம் மறைவிற் செய்தது என்க.

மகாநாட்டின் முடிவுகள் 1976ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் விதிகளாக வெளிவந்தன. ஆய்வுகூடங்கள் நால்வகைக் காவற்படிகளாக வகுக்கப்பட்டன. பிறெனர் கூறிய நலிவுற்ற பற்றீரியாவை ஆக்கும் பணியை அலபாமாப் பல்கலைக்கழகத்து றோய் கேட்டிஸ் மேற்கொண்டார். எளிதென எண்ணித் தொடங்கிய வேலை ஓராண்டிற்கு மேல் அவரை வருத்தியது. ஒரு வழியை அடைத்தால் அவ்வுயிர் மறுவழி கண்டு பிழைத்தது. முடிவிற் கிடைத்த இனம், ஆய்வுகூடத்தில் ஊட்டப்படும் சில பொருள்களின்றி வளராது. பித்தநீரையும் சூரியவொளியையும் தாங்காது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனஞ் செய்த 1776ஆம் ஆண்டை அதற்குப் பெயரெண்ணாக இட்டனர்.

அவ்விதிகள் மத்திய அரசாங்கத்தின் பணவுதவி பெறுவோரை மட்டுமே கட்டுப்படுத்தின. மேலும், அவற்றை வகுத்தவர் யாவரும் அத்துறையைச் சார்ந்தவரே. ஆய்வுகூடத்தின் அயலில் வாழ்வோரை எவரும் கேட்கவில்லை. இக்குறையை வெளிப்படுத்தியது மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரம். ஹாவாட் பல்கலைக்கழகமும் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகமும் அந்நகரிலே உள்ளன. ஹாவாட்டார் தம் பழைய கட்டடமொன்றில் மூன்றாங் காவற்படியுள்ள ஆய்வுகூடம் அமைக்க முற்பட்டனர். பல்கலைக்கழகத்துப் பேராசிரியரிடையே பிளவு தோன்றி, செய்தி பத்திரிகையில் வெளியாகவே, நகரபிதா அல்பிறெட் வெலூச்சி பகிரங்க விசாரணையொன்றைக் கூட்டினார். சுகாதார நிறுவனங்களின் விதிகள் வெளியான அதே நாளில், யூன் 23ஆம் நாள் மாலையில், மாநகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. பாடசாலைப் பிள்ளைகள் தேசத்தைப் போற்றும் பாடலொன்றைப் பாடிக் கூட்டத்தைத் தொடக்கிவைத்தனர். நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் வால்ட், நெடுங்காலப் பரிணாமத்தில் அமைந்த எல்லைகளை ஒருநாளிற் கடத்தல் தகாதென வாதிட்டார். மார்க் ரஷ்னி, மக்சீன் சிங்கர் ஆகியோர் மறுதரப்பில் நின்றனர்.

வெலூச்சி பல்கலைக்கழகத்தாரோடு நெடுநாட் பகைமை பாராட்டியவர். ஹாவாட்டின் முற்றத்தை மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடமாக்கவேண்டுமென ஒருமுறை கூறியவர். அடுத்த ஆண்டிலே, செம்மஞ்சட் கண்ணுடைய விசித்திர உருவமொன்று அம்மாநிலத்திற் காணப்பட்டதாம். அது இவ்வாராய்ச்சியின் விளைவோவென விசாரிக்கும்படி தேசிய விஞ்ஞானக் கழகத் தலைவருக்குக் கடிதமும் எழுதினார். இதனைக் காட்டி அறிஞர் பலர் அவரை எள்ளினர். ஆனால் எள்ளத்தக்க மனிதர் கேட்ட வினா எள்ளத்தக்கதாக இருக்கவில்லை. அயலாருக்குத் தீங்கு நேராதென உறுதி கூறமுடியுமா, கூறமுடியாதெனின் அவர்களைக் கேளாது தொடங்குவது எங்ஙனம் என்பதே அவ்வினா.

மாநகரசபை, மூன்றாம் நான்காம் படி ஆராய்ச்சிகளை மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு பல்கலைக்கழகங்களை வேண்டி, ஒரு குடிமக்கள் குழுவையும் நியமித்தது. எரியெண்ணெய் வியாபாரியான முன்னைநாள் நகரபிதா ஒருவர் தலைவர். மருத்துவமனைத் தாதியாகிய கன்னியாஸ்திரி, வைத்தியர், கட்டடப் பொறியியலாளர், முன்னைநாட் சபையுறுப்பினர் முதலியோர் அங்கத்தவர். பரம்பரையலகு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் ஒருவரேனும் இல்லை. இவர்கள் நூறு மணிக்கு மேற்பட்ட நேரம் கூடியிருந்து, டி. என். ஏ. என்பது யாதென்னும் பாலபாடத்திலிருந்து தொடங்கி, ஆய்வுகூடங்களை நேரிற் பார்த்து, இரு தரப்பாரையும் நீதிமன்றிற்போல எதிரெதிரே நிறுத்தி வாதிடச்செய்து கேட்டனர். குழு ஆராய்ச்சியைத் தடைசெய்யுமென அஞ்சியோர் பலர். 1977ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளிவந்த அறிக்கையோ அதனை அனுமதித்தது. சுகாதார நிறுவனங்களின் விதிகளோடு, ஊழியரின் பயிற்சி, உடல்நலக் கண்காணிப்பு, நகரத்துக்கென ஒரு பாதுகாப்புக் குழு என்பவற்றையும் சேர்த்து, பணம் எங்கிருந்து வரினும் யாவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாக்கவேண்டுமெனக் கேட்டது. பெப்புருவரி 7ஆம் நாள் மாநகரசபை அதனைச் சட்டமாக்கிற்று. பாமரர் நுண்ணிய விஞ்ஞானப் பொருளைப் பற்றித் தீர்ப்புக்கூற வல்லரோ என்னும் ஐயத்திற்கு இக்குழுவினும் சிறந்த விடையை யாம் கண்டிலேம். பிரித்தானியாவும் 1976ஆம் ஆண்டில் அமைத்த ஆலோசனைக் குழுவிலே தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடமளித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்துணைக் காவலும் பெற்ற கலையின் முதற் பெரும்பயன் இன்சுலின். நீரிழிவு நோயாளருக்கு 1922ஆம் ஆண்டு தொறொன்ரோ நகரில் முதன்முதல் ஏற்றப்பட்ட நாள்முதல், அம்மருந்து பன்றி, மாடு என்பவற்றின் சதையியிலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. மனித இன்சுலினைப் பற்றீரியாவைக் கொண்டு ஆக்குவதற்கு மூன்று ஆய்வுகூடங்கள் போட்டியிட்டன. மனித டி. என். ஏ.யைக் கையாளுதற்கு அக்கால விதி நான்காம் படிக் காவலை வேண்டியமையால், ஹாவாட்டைச் சேர்ந்த வோல்ற்றர் கில்பேட்டின் குழுவினர் 1978ஆம் ஆண்டு செத்தெம்பரிற் கடல்கடந்து, இங்கிலாந்திலே உயிரியற் போர் ஆராய்ச்சிக்கெனக் கட்டப்பட்ட போட்டன் டவுன் ஆய்வுகூடத்தை நாடினர். உடைகளைந்து வேறுடை தரித்து, வெளியேறுந்தோறும் நீராடி, சில கிழமைகள் உழைத்தபின் கண்டது யாது? கொண்டுசென்ற பொருளில் எலியின் இன்சுலின் பரம்பரையலகு கலந்துவிட்டிருந்தது, உழைப்பு வீணாயிற்று. கலிபோணியாவில், உயிரிலிருந்து எடாது இரசாயன முறையால் அப்பரம்பரையலகை ஆக்கிக்கொண்டோருக்கு அவ்விதி பொருந்தவில்லை. அவர்களே வென்றனர். அவ்வின்சுலின் 1982ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதற்குள் விதிகளும் தளர்ந்திருந்தன. விலங்குகளின் பரம்பரையலகுகள் இடையிடையே பொருளற்ற பகுதிகளால் துண்டுபட்டிருப்பதும், பற்றீரியா அவற்றை நீக்கிப் படிக்கமாட்டாமையும் 1977ஆம் ஆண்டில் தெரியவந்தன. கழலை வைரசின் டி. என். ஏ.யைத் தாங்கிய பற்றீரியாவை எலிகளுக்கு ஊட்டியும் நோய் தோன்றாமையை 1979ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனை காட்டிற்று. ஆகவே முதலச்சம் வீணானது எனச் சிலர் கூறுவர். அஃது ஏற்கத்தக்கதன்று. வீணென்பது பின்னர் அறிந்தது. 1974ஆம் ஆண்டில் எவரும் அறிந்திலர். அறியாமையை அறியாமையென ஒப்புக்கொண்டமையே அவ்வறிஞர் செய்த நன்மை.

வேறொரு மாற்றமும் அவ்வாண்டுகளில் நிகழ்ந்தது. பொயர் 1976ஆம் ஆண்டிலே வணிகர் ஒருவரோடு சேர்ந்து ஜெனன்ரெக் என்னும் கம்பனியை நிறுவினார். எண்ணெயைச் சிதைக்கும் பற்றீரியாவை ஆக்கிய வங்காளத்து விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தியின் வழக்கில், உயிருள்ள பொருளுக்கும் ஆக்கவுரிமை வழங்கலாமென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980ஆம் ஆண்டு யூனில், ஐவருக்கு நால்வரென்ற நீதிபதிகளின் வாக்கால் தீர்த்தது. சில மாதங்களில் ஜெனன்ரெக்கின் பங்குகள் சந்தைக்கு வந்து, முப்பத்தைந்து டொலராகத் தொடங்கி அன்றே எண்பதைக் கடந்தன. 1923ஆம் ஆண்டில் இன்சுலினைக் கண்டோர் தம் உரிமையைப் பெயரளவில் ஒவ்வொரு டொலர் பெற்றுத் தொறொன்ரோப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்தமையோடு இதனை ஒப்பிட்டால் காலத்தின் மாற்றம் புலனாகும். பற்றீரியா ஆக்கும் இன்சுலினின் விலை அமெரிக்காவிலே ஏறி ஏறி, முதியோருக்கான அரச காப்புறுதியில் மாதம் முப்பத்தைந்து டொலருக்கு மேல் அறவிடலாகாதென 2022ஆம் ஆண்டிற் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. கிருமி தப்பியோடுமோவென அஞ்சிய அசிலோமார்க் கூட்டம் இவ்வபாயத்தை எண்ணவேயில்லை. வணிகம் எல்லை கடந்தபோது வேலியிடும் உரிமையும் வழக்கிற்குள்ளாயிற்று. 2001ஆம் ஆண்டில் எமது நாடு பரம்பரையலகு மாற்றப்பட்ட உணவுப்பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்ய முற்பட்டபோது, உலக வர்த்தக நிறுவனத்தில் எழுந்த ஆட்சேபங்களினால் அத்தடையை ஒத்திவைக்க நேர்ந்ததை இலங்கை வாசகர் மறந்திரார்.

விலக்கப்பட்ட மற்றை வினாவும் திரும்பி வந்தது. டூட்னா, சார்ப்பன்ரியே என்னும் இரு பெண் அறிஞர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையால், உயிரின் டி. என். ஏ.யை வேண்டிய இடத்தில் வெட்டுதல் முன்னினும் பன்மடங்கு எளிதாயிற்று. 2015ஆம் ஆண்டு இறுதியில் வாசிங்ரனிற் கூடிய அனைத்துலக மகாநாடு, பாதுகாப்பு நிறுவப்பட்டுச் சமூகத்தின் பரந்த உடன்பாடும் கிடைக்குமுன் வழிவழி தொடரும் மாற்றத்தை மனிதக் கருவிற் செய்து மகப்பேற்றிற்குக் கொண்டுசெல்லுதல் பொறுப்பற்ற செயலெனக் கூறிற்று. மூன்றாண்டுகளில், 2018ஆம் ஆண்டு நவம்பரில், சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் அவ்வாறே மாற்றிய இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தமையை அறிவித்தார். அடுத்த ஆண்டில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டில் ஒரு வேண்டுகோள் போதுமாயிருந்தது. ஏனெனில் அம்முறையைக் கையாளவல்லோர் ஒருவரையொருவர் அறிந்த சிலரே. இப்போது அவர்கள் எண்ணிறந்தோர். மறுபுறத்தில், அரிவாட்கல நோயினால் வருந்துவோரின் குருதிக்கலங்களை அதே முறையால் திருத்தும் மருத்துவம் 2023ஆம் ஆண்டு நவம்பரிற் பிரித்தானியாவில் அனுமதிக்கப்பட்டது. அம்மாற்றம் நோயாளியோடு நின்றுவிடும், பிள்ளைகளைச் சாராது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள கோடு தெளிவானது. அதனைக் காப்பவர் யாரென்பதே இன்னும் தெளிவாகவில்லை.

கேம்பிறிட்ஜின் கதை இன்னுஞ் சிறிது உண்டு. அச்சட்டத்தினால் விஞ்ஞானம் அந்நகரை விட்டு அகலுமென 1977ஆம் ஆண்டிற் பலர் எச்சரித்தனர். 1981ஆம் ஆண்டில் மாநகரசபை அதனைத் திருத்தி வணிகக் கம்பனிகளுக்கும் விரித்தது. அதன் பின்னரே பயோஜென் முதலிய கம்பனிகள் அங்கு வந்து குடியேறின. எது அனுமதிக்கப்படும், எது அனுமதிக்கப்படாதென எழுத்தில் அறியக்கூடிய நகரம் அவற்றுக்கு வசதியாயிருந்தது. பழைய தொழிற்சாலைகள் பாழடைந்து கிடந்த கெண்டல் சதுக்கம் இன்று உலகத்தில் இத்துறைக் கம்பனிகள் மிகச் செறிந்துள்ள இடங்களுள் ஒன்று. அவற்றுள் எதுவாயினும், இவ்வகை ஆராய்ச்சியைத் தொடங்குமுன், எரியெண்ணெய் வியாபாரியும் கன்னியாஸ்திரியும் இருந்த குழுவின் வழியிற் பிறந்த நகரப் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெறல்வேண்டும்.